ஊரை எழுதினால் போதுமா?

'வெளிநாட்டில் நான் பெற்ற அனுபவம்' என்று தலைப்புக் கொடுத்தால் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள்? விமானம், பனி, கோபுரம், "மறக்க முடியாத நாள்". அவ்வளவுதான். யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும்!

பிடோக்கில் என்னிடம் தமிழ் படித்த வணிகவியல் மாணவி ஒருவர், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் ஐரோப்பாவுக்குப் போனார். திரும்பி வந்து எழுதிய கட்டுரையைத் திருத்தக் கொடுத்தார். முழுக்கச் சுற்றுலாக் கையேடு. நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் வேறு மாதிரி. குழுவேலையில் மற்றவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். அவர் முறை வரவே இல்லை. அன்றிரவு தொலைபேசியில் சொல்கிறார்: "அம்மா, இங்க யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க. நாமதான் பேசணும்." பேச்சுத்தமிழ் என்று அதை அடித்துவிட்டேன். தப்பு என்னுடையது. கட்டுரையின் உயிரே அதுதான்.

ஏ. கே. செட்டியாரைப் படியுங்கள். 1930களில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் புகைப்படக்கலை கற்கப் போனவர். 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதியவர். அவருடைய பயணக் கட்டுரைகள் இன்றும் அலுக்காததற்குக் காரணம், இடங்களோடு மனிதர்களையும் சின்னச் சின்னச் சம்பவங்களையும் அவர் எழுதியதுதான்.

மாணவர்களே, ஒரு மனிதர், ஓர் உரையாடல், உங்களிடம் வந்த ஒரு மாற்றம்: இந்த மூன்றையும் எழுதுங்கள். கோபுரம் ஒரு வரியில் வந்தால் போதும்.

ஆசிரியர்களே, பாத்திரம் பேசும்போது வரும் பேச்சுத்தமிழைப் பிழை என்று அடிக்குமுன், ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.