இப்னு பதூதாவின் சீனம்: கண்டதும் கேட்டதும் காணாததும்

சீனம் வரை சென்றேனும் கல்வி தேட வேண்டும் என்னும் செய்தி நம் மீலாது மேடைகளில் நபிமொழியாகவே முழங்கப்படுகிறது. ஹதீஸ் கலை வல்லோர் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து பலவீனமானது என்றனர். இப்னுல் ஜவ்ஸீ அவர்களோ இட்டுக்கட்டப்பட்டவற்றுள் அதனைச் சேர்த்தார்கள். சீனத்தின் பெயர் வரும் ஒரு வாக்கியத்திற்கே இத்துணைச் சோதனை வைத்த மரபு நம்முடையது. ஆயின், அதே சீனத்தைப் பற்றி இப்னு பதூதா சொல்லி எழுதுவித்த பகுதியை நாம் எவ்வாறு படிக்கிறோம்? ஒரு சாரார் வியந்து ஒப்பிக்கின்றனர். மற்றொரு சாரார் பொய்யெனத் தள்ளுகின்றனர். இரண்டும் படிப்பு ஆகா. ஹதீஸுக்கு வைத்த உரைகல்லில் ரிஹ்லாவையும் ஒருமுறை உரைத்துப் பார்ப்போம்.

முதலில் அறிவிப்பாளர். தில்லிச் சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனம் நோக்கிப் புறப்பட்ட இப்னு பதூதா, கள்ளிக்கோட்டையில் கப்பல்கள் சிதைந்து, தீவுகள் பல சுற்றி, நம் மஃபர் கரையிலும் ஒதுங்கினார். மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் தாமகானீ அவருக்குச் சகலை முறை. எனினும், அச்சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வித்த கொடுமையை அவர் மறைக்கவில்லை. வன்மையாகக் கண்டித்தே சொல்கிறார். உறவுக்கும் உப்புக்கும் அஞ்சாத நாக்கு இது. அறிவிப்பாளரின் நேர்மைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

நேர்மை ஒன்று, நினைவாற்றல் மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே எடை போட வேண்டுமென்பது நம் ஆசான்கள் தந்த பாடம். 1345-46 அளவில் சீனம் கண்டவர் 1355 இல், மொராக்கோ நாட்டு ஃபெஸ் நகரில், நினைவிலிருந்து சொன்னார். இப்னு ஜுஸை என்ற புலவர் அதனைச் செப்பனிட்டு நூலாக்கினார். அக்காலத்திலேயே அந்நகரத்தார் அவரை நம்பாது முணுமுணுத்ததை இப்னு கல்தூன் பதிவு செய்கிறார். காணாததை எல்லாம் பொய்யென்று தள்ளாதே என ஓர் அமைச்சர் தமக்கு அறிவுறுத்தியதையும் அவரே சொல்கிறார். சிறையிலே வளர்ந்து எலியைத் தவிர வேறு விலங்கறியாத சிறுவன், ஆட்டையும் ஒட்டகத்தையும் எலியின் இனமென்றே எண்ணினானாம். நல்ல உவமை. ஆனால், நம்புவதற்கும் ஓர் அளவு வேண்டுமல்லவா?

அவர் கண்டவற்றில் சிறந்தது யுவான் அரசின் ஆட்சிமுறை. கப்பல் புறப்படும் முன் துறைமுக அதிகாரி வந்து அதிலுள்ளோர் பெயரையெல்லாம் எழுதிக்கொள்வார். திரும்பியதும் ஏட்டோடு ஒப்பிடுவார். ஓர் ஆள் குறைந்தாலும் கப்பல் தலைவன் கணக்குச் சொல்ல வேண்டும். மறைத்த சரக்கு அகப்பட்டால் கப்பல் முழுதும் கருவூலத்திற்கு. இதனை அநீதி என்றே அவர் கூறுகிறார். வழிச் சத்திரங்களில் மாலையில் பெயர் பதிந்து, கதவடைத்து முத்திரையிட்டு, காலையில் எண்ணிப் பார்த்து அடுத்த சத்திரம் வரை துணையனுப்பும் முறையை மனமாரப் புகழ்கிறார். பயணி ஒருவன் தன் உடலால் அனுபவித்தறிந்த செய்திகள் இவை, கொள்ளலாம். ஸைத்தூன் என அவர் அழைக்கும் சுவான்சௌ நகரில் ஷைகு புர்ஹானுத்தீனைச் சந்தித்ததாகச் சொல்கிறார். அந்நகரப் பள்ளிவாசலைப் பற்றிய 1350 ஆம் ஆண்டுச் சீனக் கல்வெட்டிலும் அப்பெயர் காணப்படுகிறது. நம் கலையில் இதற்கு 'ஷாஹித்' என்று பெயர்.

பொருளாதாரம் பற்றிய பகுதியில் எச்சரிக்கை வேண்டும். உள்ளங்கை அளவுக் காகிதமே நாணயம்; வெள்ளியும் பொன்னும் கடைத்தெருவில் செல்லா என்கிறார். இது மெய். கிழிந்த தாளைக் கட்டணமின்றி மாற்றித் தருவர் என்கிறார். மார்க்கோ போலோவோ நூற்றுக்கு 3 பிடித்துக்கொள்வர் என எழுதினார். மேலும், 1350 க்குப் பின் அத்தாள்கள் அளவின்றி அச்சாகி மதிப்பிழந்தன. ஃபெஸ் நகரில் அவர் அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்த நாளில், சீனத்தில் மக்கள் பண்டமாற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். பீங்கான் ஸைத்தூனிலும் கான்டனிலும் மட்டுமே செய்யப்படுகிறது என்பதும் பிழை. ஜிங்தெஜென் சூளைகளை அவர் அறியவில்லை.

கேட்டதைக் கண்டதாக்கிய இடமும் உண்டு. பேரரசர் போரில் கொல்லப்பட்டார் எனக் கூறி, அடக்கச் சடங்கையும் விரிவாக வருணிக்கிறார். அப்போது அரியணையில் இருந்த தோகோன் தெமூரோ 1368 வரை தலைநகரில் ஆண்டு, 1370 இல் இறந்தார். தலைநகர்ப் பயணத்தையே அறிஞர் பலர் ஐயுறுவதற்கு இது போதும். ஆயினும், யஃஜூஜ் மஃஜூஜ் மதிலைக் கண்டவர் எவரையும் தாம் சந்திக்கவில்லை என ஒப்புக்கொள்பவரும் இவரே. எனவே, நூலை முற்றாகத் தள்ளவும் வழியில்லை.

நம்மை வருத்துவது இவற்றுள் எதுவுமன்று. ஸைத்தூனில் 1281 இலேயே, கான் பெயரால் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவன் கோயில் கண்டு, தமிழில் கல்வெட்டும் பொறித்தார். ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்குப் பின் அங்கு வந்தவர் மஃபர் மண்ணில் வாழ்ந்தவர். எனினும் அந்நகரத்துத் தமிழரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காரணம் நூலிலேயே இருக்கிறது. வெளியே சென்றால் மனத்திற்கு ஒவ்வாதவை கண்ணிற்படுகின்றன என்று வீட்டினுள்ளேயே அடைந்திருந்தாராம். முஸ்லிம்களைக் கண்டால் உறவினரைக் கண்டாற்போல் மகிழ்ந்தாராம். உலகை அளந்த கால்கள் தெருவை அளக்க மறுத்தன. நூலின் பெருங்குறை பொய்யன்று, சாத்திய கதவு.

இக்குறையைச் சுட்டும் தகுதி நமக்குண்டா? துறைமுக ஏட்டைப் பற்றிப் பாடம் நடத்திய நாளில் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஹஜரத், பழவேற்காட்டு ஏரியில் இன்று யார் வலை போடலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?" மீஞ்சூரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருக்கும் ஏரி, நமக்கு விடை தெரியவில்லை. பின்னர் ஏரிக்கரைக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் பாடு முறையை விளக்கினார்: மீன்பிடி இடங்களை வகுத்து, முறை வைத்து, ஊருக்கு ஊர் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. சீனத்துச் சத்திர ஏட்டை மனனம் செய்திருந்த நாம், அக்கம்பக்கத்தார் எழுதாமலே காத்துவரும் நீதியை ஐம்பது வயது கடந்தே கேட்டறிந்தோம்.

ரிஹ்லாவை நம் மத்ரஸாக்களில் படிப்பிக்க வேண்டும். வியப்பதற்காக அன்று, கண்டதையும் கேட்டதையும் பிரித்தறியும் பயிற்சிக்காக. காணாமல் விட்டது எது என்று கேட்கவும் அதுவே கற்றுத்தரும். அக்கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.