ஓடிப்போதலும் அநாதையும்: ஒரு சிறுவர் புதினத்தின் தமிழாக்கச் சிக்கல்கள்

பத்மா வெங்கட்ராமன் 2019இல் வெளியிட்ட ‘தி பிரிட்ஜ் ஹோம்’ என்னும் ஆங்கிலச் சிறுவர் புதினத்தில், தந்தையின் அடிக்குத் தப்பி விஜி தன் தமக்கை ருக்குவுடன் சென்னைக்கு வருகிறாள். பாழடைந்த பாலமொன்றில் முத்து, அருள் என்னும் சிறுவர்களோடு தங்கிக் குப்பை பொறுக்கிப் பிழைக்கிறாள். தமிழில் பேசும் மாந்தர் ஆங்கிலத்தில் பேசுவதாக அமைந்த நூலாதலின், இதனைத் தமிழாக்குவோர் எழுதப்படாத மூலமொன்றையும் தேட வேண்டியவராகின்றனர்.

அமெரிக்காவில் 1924இல் வெளிவந்து, 1942இல் எளிய சொற்களால் திருத்தி எழுதப்பெற்ற கெர்ட்ரூட் சாண்ட்லர் வார்னரின் ‘பாக்ஸ்கார் சில்ட்ரன்’ நூலிலும் சிறார் நால்வர் சரக்கு ரயில்பெட்டியில் ஒளிந்து வாழ்கின்றனர். அவர்கள் பெற்றோரை இழந்தவர்கள். எனினும் செல்வமிக்க பாட்டனார் ஒருவர் உளர். விஜிக்குப் பெற்றோர் உளர், புகலிடந்தான் இல்லை. ஆங்கிலச் சொல் பெற்றோரின் இறப்பையே சுட்டும். ‘அநாதை’ என்னும் சொல்லின் மூலப்பொருளோ காப்பவர் அற்றநிலை. இப்பொருளில் விஜியே அநாதை; வார்னரின் சிறார் அல்லர். இவ்வேறுபாட்டை ஆங்கிலத்தைவிடத் தமிழ் இயல்பாகத் தாங்கும்.

‘ஓடிப்போதல்’ அவ்வாறன்று. ஒரு பெண் ‘ஓடிப்போனாள்’ என்றால் காதலனுடன் சென்றாள் என்றே ஊர் கொள்ளும். மலையாளத்தின் ‘ஒளிச்சோட்டம்’ என்பதும் அத்தகையதே. ‘வீட்டைவிட்டு வெளியேறினாள்’ எனலாம். ஆயின் அதில் ஓட்டத்தின் அச்சம் இல்லை. கதைசொல்லியின் கூற்றில் பின்னதையும், ஊரார் வாய்மொழியில் முன்னதையும் ஆளுதல் தகும். ஊர்ப்பழியும் அப்போது கதைக்குள் வந்துவிடும். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாக இதனைக் குறை கூறுவோர் இருக்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை.

எல்லாவற்றினும் அரியது விளி. ருக்கு மூத்தவள், அறிவு வளர்ச்சியில் குறைபாடுடையவள். காப்பவளோ இளையவள். புதினம் முழுதும் விஜி, இறந்துபோன ருக்குவை முன்னிலைப்படுத்தி எழுதுவதாக அமைந்துள்ளது. இவ்வுத்தி ஆங்கில வாசகருக்குப் புதுமையாகத் தோன்றலாம். இறந்தாரை ‘நீ’ என விளித்துப் புலம்புவது நம் ஒப்பாரியின் அன்றாட இலக்கணம். ஆயினும் தங்கை தமக்கையைப் பெயர் சொல்லி அழைப்பதா, ‘அக்கா’ என்பதா? ‘அக்கா’ என்றே எழுதினால் காப்பவள் யார் என்பது மறையும்; பெயரையே எழுதினால் தமிழ்க்குடும்பத்தின் பேச்சு பொய்க்கும். பெயரால் அழைத்துவரும் விஜி, ருக்குவின் இறப்பிற்குப் பின் ஓரிடத்தில் மட்டும் ‘அக்கா’ என்று வாய்தவறி அழைப்பதாக மொழிபெயர்க்க எனக்குத் துணிவுண்டு.