பாகைமானியை மூடி வையுங்கள்

கோணம் என்றதும் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பாகைமானியைத் தேடுவதுதான் நமக்குப் பழக்கம். அதை உள்ளேயே வையுங்கள். எல்லாவற்றையும் அளந்து எழுதுவதில் ருசி கிடையாது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு, மற்றதையெல்லாம் அளக்காமலே சொல்லிவிடுவதில்தான் இருக்கிறது.

கடைகளில் இழுத்து மூடுகிற மடக்கு கேட் இருக்கிறதே, அதன் முன்னால் போய் நில்லுங்கள். இரண்டு இரும்புப் பட்டைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு ரிவெட். அதைச் சுற்றி நான்கு கோணங்கள். மேலே இருப்பது 70 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை ஒட்டி வலப்பக்கம் இருப்பது 110 ஆகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு பட்டையின் ஒரு பக்கத்தை முழுக்க அடைக்கின்றன. நேர்க்கோட்டின் ஒரு பக்கம் எப்போதும் 180. கீழே இருக்கும் கோணமும் அதே 110-உடன் சேர்ந்து இன்னொரு பட்டையின் ஒரு பக்கத்தை அடைக்கிறது. ஆகவே அதுவும் 70. குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்வது இதைத்தான்.

அடுத்த ரிவெட்டைப் பாருங்கள், அங்கேயும் 70, 110. ஒரே பக்கம் சாய்ந்த பட்டைகள் எல்லாம் இணைகோடுகள் என்பதால் ஒத்த கோணங்கள் மாறாது. ஒரு ரிவெட் தெரிந்தால் கேட் முழுவதும் தெரிந்த மாதிரி. கடைக்காரர் கடையை மூடும்போது கவனியுங்கள்: இழுக்க இழுக்க 70 என்பது 75, 80 என்று எல்லா ரிவெட்டிலும் ஒரே சமயத்தில் வளரும். 90-ஐத் தொடும் அந்த நொடியில் கட்டங்கள் அத்தனையும் சதுரம்!

நிரப்புக் கோணம், மிகைநிரப்புக் கோணம் என்ற பெயர்கள் குழம்பினால் பரவாயில்லை. முன்னது சேர்ந்தால் 90, பின்னது சேர்ந்தால் 180. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றுவிட்ட கோணங்களை அப்படித் தாண்டிப் போகக்கூடாது. இரண்டு இணைகோடுகளைக் குறுக்குவெட்டி ஒன்று வெட்டினால், உள்ளே எதிரெதிர்ப் பக்கங்களில் உண்டாகும் இரண்டு கோணங்களும் சமம். இதை வைத்துக்கொண்டு கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் பூமியையே அளந்தார். ஆண்டின் மிக நீண்ட பகலில், உச்சிவேளையில், எகிப்தின் சையீனில் (இன்றைய அஸ்வான்) சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். குச்சி நட்டால் நிழல் விழாது. அதே நேரத்தில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுந்தது. அங்கே செங்குத்துக்கும் சூரியக் கதிருக்கும் இடையே இருந்த கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி.

சூரியன் வெகு தூரத்தில் இருப்பதால் இரு ஊர்களிலும் விழும் கதிர்கள் இணைகோடுகள். சையீனில் நேர் மேலிருந்து விழும் கதிரை நீட்டினால் அது பூமியின் மையத்துக்கே போகும். அலெக்சாண்டிரியாக் குச்சியை மண்ணுக்குள் பூமியின் மையம் வரை நீட்டியதாக நினையுங்கள், அதுதான் குறுக்குவெட்டி. ஆகவே மையத்தில் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணமும் அதே 7.2. ஊர்களுக்கு இடையே தூரம் 5,000 ஸ்டேடியா (அன்றைய நீள அளவு) என்று கொண்டு, அதை 50-ஆல் பெருக்கினார். சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. யாரும் போக முடியாத இடத்துக் கோணத்தை ஒரு நிழலில் படித்துவிட்டார் மனிதர்.

முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒட்டினால் 180 வரும் என்று வகுப்பில் செய்து காட்டுவார்கள். அது அந்த ஒரு காகிதத்துக்கு மட்டும்தான் சாட்சி. உச்சியின் வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அடியில் இருந்த இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே வந்து, உச்சிக் கோணத்தின் இரு பக்கமும் உட்கார்ந்துகொள்ளும். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோடு. எந்த முக்கோணம் என்ற கேள்விக்கே இடமில்லை.

காகிதத்தில்தான் இப்படி. ஒரு பந்தைச் சுற்றி மூன்று ரப்பர் பேண்டுகளை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக, பந்தைச் சரிபாதியாகப் பிரிக்கும்படி மாட்டுங்கள். எட்டு முக்கோணங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் மூன்று செங்கோணங்கள், கூட்டினால் 270! பந்தின் மேல் இப்படிச் சரிபாதியாகச் சுற்றும் எந்த இரண்டு பேண்டும் எங்காவது வெட்டிக்கொண்டே தீரும், இணைகோடுகளுக்கு வழியே இல்லை; அதனால் நம் 180 கணக்கு உடைந்துபோகிறது. இப்போது ஒரு பேண்டைக் கொஞ்சம் சாய்த்து, அது இன்னொன்றை வெட்டும் இடத்தைப் பாருங்கள். குத்தெதிர்க் கோணங்கள் அங்கேயும் சமமாகவே இருக்கும். அவற்றுக்கு இணைகோடே தேவைப்படவில்லை அல்லவா?