கொலை நடந்த தெருவில் கதை

லண்டனின் வொய்ட்சேப்பல் பகுதியில் மாலை வேளைகளில் கும்பல் கும்பலாக ஆட்கள் ஒரு கொலைகாரனின் பின்னால் நடக்கிறார்கள். கொலைகள் நடந்தது 1888இல். கொன்றவன் அகப்படவில்லை. கட்டணம் கொடுத்தவர்களுக்கு முன்னே ஒரு கைடு. அங்கங்கே நின்று காலட்சேபம். சுற்றுலா வியாபாரம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் ஒரு நகரமே மேடையாகவும் பார்வையாளனின் காலே பக்கம் புரட்டும் விரலாகவும் ஆகிவிட்ட கதைசொல்லல் வடிவம் இது. நாவலிடமும் சினிமாவிடமும் கேட்கிற கேள்விகளை இதனிடமும் கேட்டாக வேண்டும்.

முதலில் பெயர். 'ஜாக் த ரிப்பர்' என்பது 1888 செப்டம்பர் கடைசியில் சென்ட்ரல் நியூஸ் ஏஜன்சிக்கு வந்த ஒரு கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்து. அது யாரோ ஒரு பத்திரிகைக்காரனின் கைவேலை என்று போலீஸ் உயரதிகாரிகளே பின்னால் எழுதினார்கள். கொன்றவன் வேறு, நடையில் நம்மோடு கூட வருகிறவன் வேறு. இரண்டாமவன் அச்சு மையில் பிறந்தவன். அவனுக்கு முகம் கிடையாது என்பதே அவனது மூலதனம். ஓவியன் சிக்கர்ட் என்று 2002இல் ஒரு புத்தகம். ஒரு சால்வையின் மரபணுவை வைத்து காஸ்மின்ஸ்கி என்று 2014இல் இன்னொன்று. எந்தக் 'கண்டுபிடிப்பும்' நடையை முடித்து வைப்பதில்லை. பட்டியலில் ஒரு பெயர் கூடுகிறது, அவ்வளவுதான்.

வடிவத்தின் உண்மையான வன்முறை வேறு இடத்தில் இருக்கிறது. 1894இல் போலீஸ் அதிகாரி மக்னாட்டன் எழுதிய குறிப்பு, கொல்லப்பட்டவர்கள் ஐவர்தான் என்று எண்ணி வைத்தது. இந்த ஐந்தில் மைட்டர் சதுக்கம், ஹான்பரி தெரு, டார்செட் தெரு மூன்றும் சிரமமில்லாத நடைக்குள் அடங்கும். மேரி ஆன் நிக்கல்ஸ் செத்துக் கிடந்த பக்ஸ் ரோ, இன்றைய டர்வர்ட் தெரு, கிழக்கே ஒதுங்கிக் கிடக்கிறது. எலிசபெத் ஸ்ட்ரைட் கொல்லப்பட்ட பெர்னர் தெரு, இன்றைய ஹென்ரிக்ஸ் தெரு, கமர்ஷியல் ரோட்டுக்குத் தெற்கே. பல நடைகள் இந்த இரண்டு இடங்களுக்கும் போவதில்லை. காலும் கடிகாரமும் இடம் கொடுப்பதில்லை. ஆகவே இந்த இரண்டு பெண்களின் சாவும் வேறு எங்கோ ஒரு முனையில் நின்றபடி வாயால் சொல்லப்பட்டுவிடுகிறது. ஸ்தலத்தில் நிற்கிறோம் என்பதைத் தவிர இந்த வடிவத்துக்கு வேறு நியாயம் கிடையாது. அந்த நியாயமும் இவர்கள் விஷயத்தில் இல்லை. கதையின் முடிவோ பெரும்பாலும் டார்செட் தெருப் பக்கம், மேரி ஜேன் கெல்லியின் அறையில். அதுதான் மிகக் கோரமானது என்பதால். கோரத்தை அல்ல, கோரத்தை ஏறுவரிசையில் அடுக்குவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். முன்னால் செத்த நால்வரும் அந்த அறைக்கு ஏறும் படிகளாகிப் போகிறார்கள்.

நிக்கல்ஸுக்கு வயது 43. படுக்கைக்கு நாலு பென்ஸ் இல்லாததால் விடுதியிலிருந்து அந்த இரவு வெளியே அனுப்பப்பட்டவள். காசு சீக்கிரம் கிடைத்துவிடும் என்று தன் புதுத் தொப்பியைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் இருந்தவை ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை, உடைந்த கண்ணாடித் துண்டு. காதரின் எட்டோஸிடம் இருந்தவற்றைப் போலீஸ் எழுதி வைத்த பட்டியல் இன்னும் நீளம். டீத்தூளுக்கு ஒரு தகர டப்பா, சர்க்கரைக்கு ஒன்று, ஊசிகளும் குண்டூசிகளும் குத்திய சிவப்புத் துணி, கடுகு டப்பாவுக்குள் இரண்டு அடகுச் சீட்டுகள். ஒன்று, கூட வாழ்ந்தவனின் பூட்ஸுக்கு. மற்றது, கென்ட்டில் ஹாப் பறிக்கப் போன இடத்தில் பழகிய ஒருத்தி கொடுத்தது. வீடு இல்லாதவள் வீட்டைத் தன் மேலேயே சுமந்திருக்கிறாள். பட்டியல் எழுதிய போலீஸ்காரருக்கு இலக்கியம் பண்ணும் உத்தேசம் இல்லை. ஆயினும் ரிப்பரைப் பற்றிய அத்தனை நாவல்களும் தொடாத ஒன்றை அந்தக் காகிதம் தொட்டுவிட்டது.

குல்ஸ்டன் தெருவையும் சொல்ல வேண்டும். எட்டோஸின் ஏப்ரன் துண்டு கிடந்த வாசலுக்கு மேலே சுவரில் சாக்பீஸால் யூதர்களைப் பற்றி ஒரு வாக்கியம். விடிந்தால் கலவரம் வரும் என்று பயந்து, போட்டோ எடுக்கும்முன்பே அழிக்கச் சொன்னார் போலீஸ் கமிஷனர் வாரன். பார்த்தவர்கள் எழுதிக்கொண்ட பிரதிகளில் சொற்களின் வரிசையே ஒத்துப்போகவில்லை. நடை முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வாசல்தான். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. கொலைகாரனின் புதிரைவிட, அந்த வருஷத்து லண்டன் எந்த மனிதர்களைக் கண்டு, எந்த மனிதர்களுக்காகப் பயந்தது என்பது இங்கே தெரிகிறது.

2019இல் ஹாலி ரூபன்ஹோல்ட் எழுதிய 'த ஃபைவ்' ஐந்து பெண்களின் வாழ்க்கையை மட்டும் எழுதியது, கொலைகளை எழுதவில்லை. குறைந்தது மூவர் விபசாரிகள் என்பதற்கு ஆதாரமே இல்லை என்றும் வாதித்தது. அவசியமான புத்தகம். ஆனால் அதை வரவேற்ற உற்சாகத்தில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது: விபசாரி இல்லை, ஆகவே இரங்கலாம் என்ற கணக்கு. ரூபன்ஹோல்ட் இந்தக் கணக்குப் போடவில்லை; சில வாசகர்கள் போடுகிறார்கள். நடைகளும் இப்போது பெண்களின் கதை என்று விளம்பரப் பலகையை மாற்றிக்கொள்கின்றன. அதே இரவு, அதே வரிசை, அதே கடைசி அறை. 2015இல் கேபிள் தெருவில் திறந்த மியூசியமும் அப்படித்தான்: அனுமதி கேட்டது பெண்கள் சரித்திரத்துக்கு, திறந்தது ரிப்பருக்கு. 1976 முதல் 1988 வரை கொலைகாரன் பெயரையே பலகையில் மாட்டியிருந்த 'டென் பெல்ஸ்' மதுக்கடை இவர்களைவிட யோக்கியம் என்பேன். அதற்குப் பாசாங்கு இல்லை.

ஹான்பரி தெரு 29ஆம் எண் வீடு இன்று இல்லை. அங்கே மதுவாலைக் கட்டடம். இடம் போய்விட்டதால் சில கைடுகள் கையடக்கக் கருவியால் சுவரில் படம் காட்டுகிறார்கள், பிணவறைப் படங்கள் உட்பட. அங்கே கொல்லப்பட்ட ஆனி சாப்மனுக்கு இன்னொரு படமும் உண்டு. 1869 வாக்கில் கணவனோடு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டது. அதைச் சுவரில் போட்டுவிட்டு கைடு ஒரு நிமிஷம் பேசாமல் நின்றால், எத்தனை பேர் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.