குடியை விட்டவன் கதை

குடிக்கிறவனைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம். குடியை விடுகிறவனைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். குடிக்கிறவன் அடிக்கிறான், அழுகிறான், மனைவியின் வளையலை அடகு வைக்கிறான், நடுத்தெருவில் விழுகிறான். கதாசிரியனுக்கு வேலையே இல்லை. விடுகிறவனோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். அன்று அவன் குடிக்கவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு எப்படிக் கதை பண்ணுவது?

எங்களுக்குத் தெரிந்த வழி, கடைசி அத்தியாயத்தில் அவனைச் சத்தியம் செய்ய வைப்பது. நானும் செய்திருக்கிறேன். என் ஆரம்ப கால நாவல் ஒன்றில் ஒரு குமாஸ்தா, மனைவி அழுவதைப் பார்த்து மனம் மாறி, பாட்டிலைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு, அன்றிரவு குழந்தை மாதிரித் தூங்குவார். தொடர்கதையாக வந்தபோது பாராட்டிக் கடிதங்கள் வந்தன. ஒன்று மட்டும் வேறு மாதிரி. எழுதியவர் ஒரு பெண்மணி. பதினோரு வருஷமாகத் தாமும் அழுதுகொண்டிருப்பதாகவும், தம்முடைய கண்ணீரில் என்ன குறை என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். கேலி அல்ல, நிஜமாகவே கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை.

ரேமண்ட் கார்வர் என்ற அமெரிக்கக் கதாசிரியரின் ‘வேர் ஐ’ம் காலிங் ஃப்ரம்’ என்ற கதையைச் சமீபத்தில் மறுபடி படித்தபோது அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. 1982-ல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையிலும், அடுத்த வருஷம் ‘கதீட்ரல்’ தொகுப்பிலும் வெளியான கதை. டெலிபோனில் கூப்பிடுகிறவன், தான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்வதுதான் தலைப்பு.

குடியை நிறுத்த வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்று. அதன் வாசல் தாழ்வாரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கதை சொல்கிறவன் இரண்டாம் முறையாக வந்திருப்பவன். ஜே.பி. என்பவன் புதிது, வீடுகளின் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்வது அவன் தொழில். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. உள்ளே டைனி என்று ஒரு பருமனான ஆள். உடம்பு தேறி ஊருக்குப் புறப்படும் உற்சாகத்தில் இருந்தவன், காலைச் சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து தரையில் விழுகிறான். அதற்கப்புறம் கதை சொல்கிறவனுக்குத் தன் உடம்பில் எங்கே சிறிது துடித்தாலும் பயம். நெடுநாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஓரிரண்டு நாட்களில் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துவதே நல்லது என்பது இன்று தெரிந்த விஷயம். பாட்டிலை உடைத்த என் குமாஸ்தா எப்படித் தூங்கினார் என்பது எனக்கே இப்போது விளங்கவில்லை.

கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஜே.பி. பேசுகிறான். பன்னிரண்டு வயதில் ஒரு பாழுங்கிணற்றில் விழுந்து, அடியிலிருந்து வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு, அப்பா கயிற்றோடு வரும்வரை கத்தினது; ராக்ஸி என்ற பெண்ணை முதலில் பார்த்தது; கல்யாணம், குழந்தைகள், குடி. நடுவில் அவன் நிறுத்தினால் மற்றவன், மேலே சொல்லு என்கிறான். தன் கதையைச் சொல்ல அவனுக்குத் தைரியமில்லை. இன்னொருவன் கதையைக் கேட்கிற அளவுக்குத்தான் பலம் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் குடியை நினைக்கவில்லை. இதுதான் சிகிச்சை என்று கார்வர் எங்கும் சொல்லவில்லை, ஆனால் வேறு சிகிச்சை எதையும் காட்டவுமில்லை. 1935-ல் ஒஹையோ மாகாணத்து அக்ரன் நகரில், சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்த பில் வில்ஸன், குடியை விட முடியாமல் தவித்த டாக்டர் பாப் ஸ்மித்தோடு உட்கார்ந்து பேசியதிலிருந்துதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ பிறந்தது. வட்டமாக உட்கார்ந்து பேசும் இன்றைய குழுச் சிகிச்சைக்குள்ளும் இந்த இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன.

விடுதிச் சொந்தக்காரர், பள்ளத்தாக்குக்கு அப்பால் ஜாக் லண்டன் வாழ்ந்ததைக் காட்டி உபதேசம் செய்கிறார். உபதேசம் சுமார்தான், கார்வரும் அதைச் சுமாராகவே விட்டிருக்கிறார். லண்டன் தன் குடியைப் பற்றியே 1913-ல் ‘ஜான் பார்லிகார்ன்’ என்ற புத்தகம் எழுதியவர். கலிபோர்னியாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை தருவதை ஆதரித்து 1911-ல் ஓட்டுப் போட்டாராம். பெண்கள் மதுவிலக்கைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்பது காரணம். அவ்வளவும் சொல்லிவிட்டு, புத்தகத்தின் முடிவில் சமயம் வாய்க்கும்போது தான் குடிக்கப் போவதாகவே எழுதுகிறார். அபினியை வென்ற பாவனையில் 1821-ல் எழுதிய டி குவின்ஸியும் கடைசிவரை அபினி தின்றவர்தான். வெற்றிப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறவர்களை நம்பக் கூடாது போலிருக்கிறது.

கார்வர் எழுதிக் கொடுக்கவில்லை. முடிவில் அவருடைய ஆள் கையில் சில்லறையோடு, மனைவியைக் கூப்பிடலாமா, சிநேகிதியைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறான். திரும்பக் குடிப்பானா என்பது நமக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கார்வர் 1977 ஜூன் 2-ந் தேதி குடியை விட்டவர், அதற்கப்புறம் தொடவில்லை. சிகரெட்டை விடவில்லை. 1988-ல் ஐம்பதாவது வயதில் நுரையீரல் புற்றுநோயில் போனார்.

இவ்வளவு நல்ல கதையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. மனைவியும் சிநேகிதியும் டெலிபோனின் மறுமுனையிலேயே இருந்துவிடுகிறார்கள். புது வருஷத்தன்று ராக்ஸி புருஷனைப் பார்க்கத் தானே காரை ஓட்டிக்கொண்டு வருகிறாள். கார் நிற்பதைத் தாழ்வாரத்திலிருந்து பார்க்கிறோம். இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கிறோம். வழியெல்லாம் அவள் என்ன நினைத்துக்கொண்டு வந்தாள் என்று கார்வர் கேட்கவில்லை, ஜே.பி.யும் கேட்கவில்லை. எனக்குக் கடிதம் எழுதிய அம்மாள் இந்தக் கதையைப் படித்தால் அந்தக் காருக்குள்தான் போய் உட்கார்ந்துகொள்வார்.