தோட்டத்திலிருந்து புறநகருக்கு: ‘ஜகாட்’ காட்டும் புதுக்குடி வாழ்வு

மலேசியத் தமிழரின் புலம்பெயர்வு என்றவுடன் கடல்கடந்த பயணமே நம் நினைவுக்கு வருகின்றது. அதற்கு நிகரான மற்றொரு பெயர்வு இந்நாட்டிற்குள்ளேயே நிகழ்ந்துள்ளது. 1957ஆம் ஆண்டு விடுதலையை ஒட்டிய காலத்தில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பின்னர் இரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. ஆயினும் வெளியேற்றம் ஓயவில்லை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நகர ஓரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளிலும், பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் குடியேறினர். அவர்களது வாழ்வைத் திரையில் பதிவு செய்த முயற்சிகளுள் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ (2015) குறிப்பிடத்தக்கதாகும். 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் இது சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

கதை 1990களின் தொடக்கத்தில் நிகழ்கின்றது. அப்போய் பன்னிரண்டு வயதுச் சிறுவன். மகன் படித்து முன்னேற வேண்டும் என்று கூலித்தொழிலாளியான தந்தை மணியம் கண்டிப்புடன் இருக்கின்றார். சிற்றப்பன்மாருள் ஒருவர் குண்டர் கும்பலைச் சார்ந்தவர். மற்றவர் போதைப்பழக்கத்தில் சிக்கி மீண்டவர். தலைப்பும் கருதத்தக்கது. தீமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘ஜஹாட்’ தமிழர் நாவில் ‘ஜகாட்’ ஆயிற்று. புதிய இடத்தில் ஒருவனுக்குச் சூட்டப்படும் பெயர்கூட அவனது மொழிக்கு வெளியிலிருந்தே வருகின்றது.

தோட்டம் நல்லது, நகரம் கெட்டது என்னும் எளிய எதிர்நிலையாக இப்படத்தைப் பார்ப்பாரும் உளர். அப்பார்வை நமக்கு உடன்பாடன்று. தோட்ட வாழ்வு இனிமையானதாக இருந்ததில்லை. ஆனால் வேலை, லயத்து வீடு, பள்ளி, கோயில், மருந்தகம் யாவும் அங்கு ஓர் எல்லைக்குள் அடங்கியிருந்தன. கங்காணியும் கிராணியும் அதிகாரம் செலுத்தினர். எனினும் யாரிடம் சென்று முறையிடுவது என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. புறம்போக்கில் அந்த இடம் வெற்றிடமாகின்றது. கும்பல் அவ்வெற்றிடத்திலேயே வந்து அமர்கின்றது. பாதுகாப்பையும் மரியாதையையும் அதுவே வழங்குவதாகத் தோன்றுகின்றது. எனவே புதுக்குடியினர் வன்முறையை விரும்பித் தேர்ந்தனர் என்பதைவிட, முறையிட வேறிடம் இன்றி அதன் நிழலில் ஒதுங்கினர் என்பதே பொருந்தும். உள்துறை அமைச்சு 2013இல் 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதை இப்பின்புலத்தில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழாசிரியர் மனங்கொள்ள வேண்டிய பகுதி ஒன்றுண்டு. அப்போய் கற்பனை வளம் மிக்கவன். பள்ளியோ அவ்வளத்தைப் பிழையாகக் கருதுகின்றது. வீட்டில் அடி, பள்ளியில் தண்டனை என்றாகும்போது, தன்னை ஆளாக மதிப்பவரிடம் அவன் நெருங்குவது இயல்பே. மாணவனைக் குண்டர் கும்பல் இழுத்துக்கொண்டது என்று நாம் கூறும் வேளையில், வகுப்பறை அவனை எப்போது கைவிட்டது என்றும் கேட்டல் வேண்டும். படத்தின் வலிமை இவ்வினாவில் உள்ளது.

குறைகளும் உள. பெண்கள் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். புதிய இடத்தில் கடன் சொல்லி மளிகை வாங்குவது, அண்டை வீட்டாரிடம் பிள்ளையை ஒப்படைத்து வேலைக்குச் செல்வது, சீட்டுப் பிடித்துப் பள்ளிச் செலவைச் சமாளிப்பது போன்ற அன்றாட ஒட்டுறவைப் பெரிதும் கட்டியெழுப்புவோர் பெண்களே. அவர்களை மையத்திற்குக் கொணர்ந்திருந்தால், கும்பல் அல்லாத வேறொரு துணையும் அங்கு உருவானது புலப்பட்டிருக்கும்.

அண்டை இனத்தார் பற்றிய நோக்கும் விரிந்திருக்கலாம். ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த அப்பகுதியில் ஒரு புதுக்கிராமமும் உள்ளது. அவசரகாலத்தில் (1948–1960), பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் சீனக் குடும்பங்கள் கட்டாயமாகப் பெயர்க்கப்பட்டு இத்தகைய புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டன. ஆக, அத்தகைய புறநகர் ஒன்றுக்குத் தோட்டத்திலிருந்து வந்து சேரும் தமிழர் தம் அண்டையில் காண்பதும் வேரறுந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களையே. முன்னவரைப் பெயர்த்தது அரசாணை. பின்னவரைப் பெயர்த்தது நிலச்சந்தை. இருவரின் அனுபவத்தையும் இணைத்து நோக்கும் படைப்பு தமிழில் வளர வேண்டும்.

‘ஜகாட்’ அதற்கான வாயிலைத் திறந்துள்ளது. இதனைக் குண்டர் படம் என ஒதுக்காது, தோட்டப் புதினங்களின் தொடர்ச்சியாக வகுப்பறையில் வைத்துப் பயிலலாம் என்பது எம் கருத்து. குனோங் ராபாட் போன்ற இடங்களில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அப்போய் கதைமாந்தன் மட்டும் அல்லன். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக்கூடிய மாணவனும் ஆவான்.