நெய்வேலியின் போர்க்காலம்

நெய்வேலியில் குண்டு எதுவும் விழவில்லை. ஆனாலும் அந்த நகரியத்தின் தொடக்க ஆண்டுகள் சட்டப்படி போர்க்காலம்தான். 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 26இல், சீனப் போரையொட்டி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. சண்டை ஒரு மாதத்தில் ஓய்ந்துவிட்டது. நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை நீடித்தது. போர்க்காலக் குற்றத்தை ஆராய்பவர்கள் இந்த ஐந்தாண்டுகளை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வழிகாட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. 1918இல் சென்னை மாகாணமெங்கும் நடந்த தானியக் கொள்ளைகளைப் பற்றி வரலாற்றாசிரியர் டேவிட் அர்னால்ட் 1979இல் எழுதிய கட்டுரை அவற்றில் முதன்மையானது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு அது. சரக்கு ரயிலும் கப்பலும் போருக்குப் போய்விட, அரிசி விலை ஏறியது. பதுக்கியவர்களின் கடைகளைக் கூட்டம் உடைத்தது. காவல்துறை குற்றமாகப் பதிந்ததை, நியாய விலை கேட்டு எழுந்த கோபமாக அவர் படித்துக் காட்டினார். மீனா ராதாகிருஷ்ணாவின் 2001ஆம் ஆண்டு நூல் இன்னும் ஆழம் போகிறது. பரம்பரைக் குற்றவாளிகள் என்று கொறவர்களை முத்திரை குத்திக் குடியிருப்புகளில் அடைத்ததன் பின்னே ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் வேண்டிய கூலியாட்களின் தேவை இருந்ததை அது நிறுவுகிறது. நெய்வேலி இருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் அஜீஸ் நகரிலும் அப்படியொரு குடியிருப்பு இருந்தது.

இந்தக் கண்ணோடு நெய்வேலிக்கு வந்தால், எது குற்றம் என்பதே அங்கே மாறிக்கொண்டிருந்தது தெரியும். 1962 நவம்பரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் ஏற்ற தொழில் அமைதித் தீர்மானத்தால் வேலைநிறுத்தம் தேசத்துக்கு எதிரான காரியமாகப் பார்க்கப்பட்டது. 1963இல் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் பிரிவினைப் பேச்சைக் கட்டிப்போட்டது. 1965 ஜனவரி 27இல் பக்கத்துச் சிதம்பரத்தில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அடுத்த மாதமே மு. கருணாநிதி இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி கைதானார். சீனாவை எதிர்க்கப் பிறந்த விதிகள் அவை!

அரிசியும் அப்படித்தான். பஞ்ச காலத்துக் கட்டுப்பாடுகளால், தஞ்சை நெல் மாவட்ட எல்லையைத் தாண்டுவதே கடத்தலானது. எல்லைக்கு அப்பால் இருக்கும் அக்கா வீட்டுக்கு மடியில் கட்டிக்கொண்டு போகும் இரண்டு படி அரிசிக்கும் பயப்பட வேண்டிய காலம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க. வாக்குறுதி அத்தனை வலுவாக எடுபட்டதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

நெய்வேலிக்கே உரிய பதற்றம் நிலத்தில் இருந்தது. நகரியத்துக்குள் மின்விளக்கும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும்; நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தவர்கள் வெளியே. பாட்டன் உழுத வயலில் இன்று கால் வைத்தால் அத்துமீறல். இதைக் காவல் நிலையப் பதிவேட்டில் மட்டும் தேடினால் அகப்படாது. நில எடுப்புக் கோப்பையும் ஒப்பந்தத் தொழிலாளர் வழக்குகளையும் கூடவே வைத்துப் படிக்க வேண்டும்.

2023 ஜூலையில் போர் ஏதுமில்லை; ஆனாலும் அதே நிலப் பதற்றம் திரும்பியது. நெய்வேலிக்கு அருகிலுள்ள வளையமாதேவியில், பயிர் நின்ற வயல்களில் வாய்க்கால் வெட்ட சுரங்க நிறுவனம் இயந்திரங்களை இறக்கியது. 28ஆம் தேதி நெய்வேலியில் நடந்த போராட்டம் கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்தது. போலீஸ் வானை நோக்கிச் சுட்டது. வழக்குகள் பதிவாயின. அந்தப் பதிவுகளை 1960களின் நில எடுப்புக் கோப்புகளோடு சேர்த்து வாசிக்கும் ஆய்வு ஒன்று உடனடியாகத் தேவை. நிலம் இழந்த தலைமுறையில் விவரம் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிவிட்டது.